தண்ணி போயிரும்... உப்பு எங்க போவும்? வில்லிவாக்கம் வீட்டில் ஒரு குட்டிக் கடல்

சென்னை வில்லிவாக்கத்தில் இருக்கும் அந்த வீட்டு ஹாலில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் மீனைத்தான் பார்ப்பார்கள். அந்த வீட்டு அம்மா மட்டும் காலையில் எழுந்ததும் தொட்டியின் வலது ஓரத்தைப் பார்ப்பார். அங்கே கண்ணாடியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது.

தண்ணீர் அந்தப் பொட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, அவ்வளவு ஆர்.ஓ. தண்ணீரைச் சொம்பில் மொண்டு மெதுவாக ஊற்றுவார். உப்பு கலக்காத வெறும் நல்ல தண்ணீர். ஒருநாள் எதிர்வீட்டுப் பெண்மணி பார்த்துவிட்டுப் பதறினார். ''என்னங்க இது, கடல் மீனுக்குப் போய் நல்ல தண்ணிய ஊத்துறீங்க?''

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரியாமல்தான் அந்த வீட்டில் மூன்று மீன்கள் செத்தன. பழி அவர்மேல் விழுந்தது.

தொட்டி வந்தது மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு. வில்லிவாக்கத்துக்கும் கொளத்தூருக்கும் கூப்பிடு தூரம். வண்ண மீன் கடைகளுக்குப் பேர் போன ஏரியா. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம் போனால், காற்று அடைத்த பாலித்தீன் பைகளில் மீன்களைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு போனது கோல்டு ஃபிஷ் வாங்க. ஒரு கடையில் ''அப்பா, நீமோ!'' என்று மகள் கத்தினாள். கோல்டு ஃபிஷ் கதை அங்கேயே முடிந்தது.

தொட்டி, மோட்டார், ஃபில்டர், உப்பு பாக்கெட் எல்லாம் வந்து இறங்கின. உப்பைக் கரைத்தார்கள். இரண்டு நாளில் தண்ணீர் பளிச்சென்று தெளிந்தது. தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்றுதான் யாரும் நினைப்போம். நான்கு மீன்களை விட்டார்கள். ஒரு வாரத்துக்குள் நான்கும் போய்விட்டன.

அது அமோனியாவின் வேலை. மீன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியே விடும். கடலில் அது கரைந்து காணாமல் போய்விடும். தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்ற வேண்டும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை ஓரளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். இந்த இரண்டும் கல்லிலும் மணலிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் குடியேறிப் பெருக, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் மீனை விடுவது, பாலுக்கு உறை ஊற்றாமலே விடிந்ததும் தயிர் கேட்கிற மாதிரி.

கடல் தொட்டியில் இது இன்னும் மோசம். அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவு தொந்தரவு செய்யாது, இன்னொன்று கடும் விஷம். பி.எச். ஏற ஏற விஷ வடிவத்தின் பங்கு கூடும். 7-லிருந்து 8-க்குப் போனால் அது ஏறத்தாழ பத்து மடங்கு. கடல் தண்ணீரின் பி.எச். 8-க்கு மேல். அதனால் கோல்டு ஃபிஷ் தொட்டியில் அதிர்ஷ்டத்தில் தப்பிப்பதுபோல இங்கே தப்பிக்க முடியாது.

கணவர் விஷயம் தெரியாதவர் இல்லை. அடிபட்டதும் உட்கார்ந்து படித்தார், வீடியோ பார்த்தார். தொட்டியில் 160 லிட்டர் தண்ணீர் விட்டு, பாட்டிலில் விற்கிற பாக்டீரியாவையும் ஊற்றி, ஆறு வாரம் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகுதான் மூன்று மீன் வாங்கினார். இரண்டு கோமாளி, ஒரு நீல நிற டாம்செல். மூன்றும் முதல் நாளே இரை எடுத்தன. வீட்டில் சந்தோஷம்.

அந்தச் சமயத்தில்தான் கணவருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. கிளம்பும் முன் 50 லிட்டர் டிரம் நிறைய உப்புத் தண்ணீர் கலக்கி வைத்துவிட்டு, மனைவியிடம் சொன்னார். ''தினமும் காலைல எவ்வளவு குறைஞ்சிருக்கோ அதை இந்த டிரம்லேருந்து ஊத்திடு. கடல் தண்ணி குறைஞ்சா கடல் தண்ணிதானே ஊத்தணும்?''

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. அவரும் மறு கேள்வி கேட்கவில்லை. அது கணவரின் பொழுதுபோக்கு, கணவரின் தொட்டி. வீட்டு வேலையோடு இன்னொரு வேலை, அவ்வளவுதான். தினமும் ஒன்றரை லிட்டர் போல ஊற்றினார். ஒருநாள்கூடத் தவறவில்லை. நடுவில் வீட்டுக்கு வந்த வாரம் கணவரும் அதே டிரம்மிலிருந்துதான் ஊற்றினார்.

இருபதாம் நாள் வாக்கில் மீன்கள் இரை எடுக்கவில்லை. தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வேகவேகமாக மூச்சு வாங்கின. இருபத்து நான்காம் நாள் காலையில் மூன்றும் செத்துக் கிடந்தன.

பள்ளிக்கூட யூனிஃபார்மில் நின்று அழுத மகள், ''அம்மா, நீதானே தண்ணி ஊத்தினே?'' என்றாள். குழந்தை. ஆனால், ஓசூரிலிருந்து போனில் வந்த குரல் குழந்தை இல்லை. ''என்னத்த ஊத்தினே நீ? எதையாவது மாத்தி ஊத்திட்டியா?''

''நீங்க சொன்னதைத்தாங்க ஊத்தினேன்'' என்றார். மறுமுனையில் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று மதியம் அவர் செய்த காரியம், அதுவரை அந்த வீட்டில் யாரும் செய்யாதது. ஒரு தண்ணீர் பாட்டிலில் தொட்டித் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, ஷேர் ஆட்டோ ஏறி, மீன் வாங்கிய கடைக்கே போனார். கடைப் பையன் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் குழல் ஒன்றை எடுத்தான். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான். திரும்பவும் துடைத்து இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தான்.

''43 காட்டுதுக்கா. 35 இருக்கணும். இது கடல் இல்ல, உப்பளம்!''

அவன் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால், கேட்டவர் தூத்துக்குடிக்காரர். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர்.

லீவு நாளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன பிள்ளைதான் அவர். பாத்தியில் தண்ணீர் பாய்ச்சியிருப்பார்கள். வெயில் ஏற ஏற தண்ணீர் வற்றும். கண்ணாடிக் குழாய் ஒன்றை மிதக்கவிட்டு 'டிகிரி' பார்ப்பார்கள். 25 டிகிரி வாக்கில் உப்பு படியத் தொடங்கும். சின்ன வயதில், ''தண்ணியெல்லாம் எங்கப்பா போச்சு?'' என்று கேட்டதற்கு அப்பா சொன்ன பதில் அந்தக் கடை வாசலில் நிற்கும்போது காதில் விழுந்தது. ''தண்ணி மேல போயிரும்ட்டி. உப்பு எங்க போவும்?''

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு ஒரு கிராம்கூடப் போவதில்லை. குறைந்த இடத்தில் மறுபடி உப்புத் தண்ணீரை ஊற்றினால், அதிலிருந்தும் தண்ணீர் போகும், அதன் உப்பும் மிச்சம் நிற்கும். தினமும் அந்த ஹாலில் நடந்தது உப்பு விளைச்சல்.

வீட்டுக்கு வந்து மகளின் ரஃப் நோட்டில் கணக்குப் போட்டார். ஒன்றரை லிட்டரில் 52.5 கிராம் உப்பு. 24 நாளுக்கு 1,260 கிராம். ஒன்றேகால் கிலோ! 160 லிட்டர் தண்ணீருக்கு வகுத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம். 35-ம் 8-ம் 43. கடைப் பையன் சொன்ன அதே எண்.

அதற்குக் கீழே இன்னொரு கணக்கும் இருக்கிறது. தொட்டியிலிருந்து 30 லிட்டர் எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் விட்டிருந்தால் திரும்ப 35-க்கு வந்திருக்கும். அந்த வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருக்கிறார்.

உப்பு கூடினால் கடல் மீனுக்கு என்ன என்று தோன்றலாம். கடல் மீனின் உடம்பில் ஓடும் ரத்தம் கடல் தண்ணீர் அளவுக்கு உப்பு இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உடம்பிலுள்ள தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல் தண்ணீரைக் குடித்து, அதிலிருக்கும் உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆயுள் முழுக்க அதற்கு இந்த வேலை. வெளியே உப்பு ஏற ஏற வேலை கூடும். போதாக்குறைக்கு, உப்பும் சூடும் ஏறினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். அப்போது ஏப்ரல் மாதம்.

நோட்டைப் படம் எடுத்து ஓசூருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

தொட்டி மூன்று வாரம் அப்படியே கிடந்தது. மோட்டாரை நிறுத்தியதில் தண்ணீர் நாற ஆரம்பித்தது. ''வித்துடலாம்'' என்றார் கணவர். ''இன்னொரு தடவை நான் பார்க்கிறேன்'' என்றார் அவர். அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

முதலில் தண்ணீர். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அடுப்படி ஆர்.ஓ. மெஷினில் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்தார், 38. அது போதும். ''மெரினாவுக்குப் போனா பத்து கேன் கடல் தண்ணி சும்மா கிடைக்குமேம்மா'' என்றார் கொழுந்தனார். மெரினாவுக்கு வடக்கே கூவம் கலக்கிறது, தெற்கே அடையாறு கலக்கிறது. அவர் பதில் சொல்லவில்லை, ஒரு பார்வை பார்த்தார். கொழுந்தனார் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மாமியாருக்கு வேறு யோசனை. ''அந்த பாக்கெட் உப்பு அவ்வளவு விலை விக்குது. கல்லுப்பு ஒரு மூட்டை வாங்கிப் போட்டா ஆகாதா?''

இதற்கும் பதில் உப்பளத்தில் இருந்தது. உப்பை வாரி எடுத்த பிறகு பாத்தியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். நாக்கில் பட்டால் கசக்கும். மெக்னீசியம் அதில்தான் தங்கிவிடுகிறது. கடலில் கரைந்திருக்கும் உப்புகளில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து 85 சதவிகிதம் போல. மீதியில் மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. சமையல் உப்பு, அந்தக் கசப்பைக் கழித்துவிட்டு எடுத்தது. அதைத் திரும்பக் கரைத்தால் கடல் ஆகாது, உப்புத் தண்ணீர்தான் ஆகும். மீன் தொட்டிக்கென்று விற்கிற உப்பில் அந்த மற்ற சரக்குகளையும் சேர்த்திருப்பார்கள்.

சொந்தமாக ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினார். 35 காட்ட வேண்டிய கரைசல் ஒன்றும் கூடவே வாங்கினார், கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க. உப்பைத் தொட்டிக்குள் நேராகக் கொட்டுவது இல்லை. டிரம்மில் போட்டு, சின்ன மோட்டாரை ஓடவிட்டு, ஒரு ராத்திரி முழுக்கக் கலக்கிய பிறகு அளந்துதான் ஊற்றுவது. லிட்டருக்கு 35 கிராம் என்று நிறுத்துப் போட்டாலும் சரியாக 35 வராது. உப்பிலேயே ஈரம் இருக்கும். அளந்து பார்த்து இன்னும் ஒரு கை போட வேண்டும்.

இந்தமுறை பாட்டில் பாக்டீரியா வாங்கவில்லை. ஒரு பச்சை இறாலைப் பழைய சாக்ஸ் துணியில் முடிந்து தொட்டிக்குள் போட்டார். அது அழுக அழுக அமோனியா வரும், பாக்டீரியாவுக்குத் தீனி. மீன் இல்லாத தொட்டியில் விளக்கு எரிய, மோட்டார் ஓட, ஆறு வாரம். வந்தவர்களெல்லாம் ''மீன் எங்கே?'' என்று கேட்டார்கள். ''இப்போதைக்குத் தண்ணிதான் வளருது'' என்றாள் மகள்.

சோதனைக் குழாயைப் பிடித்தது மகள்தான். சொட்டு மருந்தை எண்ணி விட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு ஒப்பிடுவாள். அமோனியா மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போனது, பிறகு கரும்பச்சை. பதினெட்டாம் நாள் அமோனியா இறங்கத் தொடங்க, நைட்ரைட் ஊதா நிறத்தில் ஏறியது. முப்பத்தெட்டாம் நாள் அமோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். ரஃப் நோட்டில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் மகள் ஒரு மீன் படம் வரைந்திருக்கிறாள்.

மீன் வாங்கப் போனபோது, ''உயிர்ப் பவளம் ஒண்ணு வைங்கக்கா, தொட்டி அப்படியே மாறிடும். ஆள் இருக்கு, தனியா சொல்லித் தர்றேன்'' என்று ஒருவர் தணிந்த குரலில் ஆரம்பித்தார். பாறை கட்டும் பவளங்கள் 2001-ம் ஆண்டிலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் குதிரைக்கும் அதே சட்டம். மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். ''வேண்டாம் தம்பி'' என்று நகர்ந்துவிட்டார். கோமாளி மீனிலும், கடலில் பிடித்தது வேண்டாம், பண்ணையில் பொரித்ததுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலேயே இந்த மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் இரண்டு மீன்கள் வந்தன. பத்தாம் நாள் காலையில் பி.எச். பார்த்தால் 7.8. நெஞ்சு திக்கென்றது. மூன்றாவது தடவையுமா?

மதியம் பார்த்தால் 8.2. மறுநாள் காலையில் மறுபடி 7.8. கடையில் பி.எச். ஏற்றும் மருந்து இருக்கிறது என்றார்கள். வாங்கவில்லை. ஆல்கலினிட்டி அளந்தார். பி.எச். ஒரேயடியாகச் சரியாமல் தாங்கிப் பிடிக்கும் சக்தி அது. 8 டி.கே.எச். இருந்தது. கடலில் இருப்பது 7 வாக்கில். ஆக, தண்ணீரில் கோளாறு இல்லை. பிறகு?

அந்த வீட்டில் ஹாலில் மட்டும்தான் ஏ.சி. ராத்திரி ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு மாமியார், மகள், அவர் மூன்று பேரும் அங்கேதான் படுப்பார்கள். மூன்று பேர் விடுகிற மூச்சிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு அறையில் தேங்கி, தண்ணீரில் கரையும். அது பி.எச்.சை இறக்கும். தொட்டி விளக்கு அணைந்ததும் பாசிகளும் கார்பன் டை ஆக்ஸைடு எடுப்பதை நிறுத்திவிடும், அதுவும் சேர்ந்துகொள்ளும். அடுப்படி ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்துப் படுத்தார்கள். மறுநாள் காலையில் 8.

''பாட்டி விடுற குறட்டைதான் மீனுக்குப் பிரச்னையா?'' என்று மகள் கேட்டதற்கு, பாட்டி ஒருநாள் முழுக்கப் பேசவில்லை.

சூடும் ஒரு தொல்லை. தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டிய நாளில், மூடியை எடுத்துவிட்டுச் சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேலே திருப்பி வைத்தார். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே முறை. 29-க்கு வந்தது. ஆனால், ஒன்றரை லிட்டர் போய்க்கொண்டிருந்த இடத்தில் மூன்று லிட்டர் போகத் தொடங்கியது. பொட்டு இல்லாவிட்டால் அது கண்ணுக்கே தெரிந்திருக்காது.

உப்பைப் போலவே நைட்ரேட்டும் ஆவியாகாது. அதனால் வாரத்துக்கு ஒருமுறை 15 லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, 35-க்குக் கலக்கிய புதுத் தண்ணீர் விடுகிறார். பாக்டீரியாக்கள் தின்று தீர்க்கிற ஆல்கலினிட்டியும் அதிலேயே திரும்ப வந்துவிடுகிறது. அந்த ஒருநாள் மட்டும்தான் உப்பு டிரம்முக்கு வேலை. மற்ற ஆறு நாளும் ஆர்.ஓ. சொம்பு.

இரண்டு மீனில் பெரியதுதான் பெண். கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும். ஜோடியில் பெரியது, ஆதிக்கம் செய்வது பெண்ணாக மாறும். சின்னது இரைக்கு முன்னால் வந்தால் பெரியது துரத்தும். ''பெரிசு அம்மா, சின்னது அப்பா'' என்று மகள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை விடிகாலையில் கணவர் ஓசூரிலிருந்து வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தொட்டிக்குத்தான் போனார். தண்ணீர் பொட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. பழக்கதோஷத்தில் டிரம் பக்கம் குனிந்தவர், பக்கத்து அலமாரியில் இருந்த ரஃப் நோட்டைப் பார்த்ததும் நின்றார். எடுத்துப் புரட்டினார். முதல் பக்கத்தில் 1,260 கிராம். வாட்ஸ்அப்பில் வந்த அதே பக்கம்.

அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கணவர் நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஆர்.ஓ. மெஷின் பக்கம் வந்தார். சொம்பை எடுத்துக் குழாயடியில் பிடித்தார்.

''எவ்வளவும்மா ஊத்தணும்?''

''பொட்டு வரைக்கும்ங்க. மெதுவா ஊத்துங்க.''